புலிகுத்திக்கல்லும் சுபேதார் சுப்பிரமணியனும்

கொங்கு நாட்டில் கால்நடை சென்ற பழைய தடங்களையும் பட்டிகளையும் அடுத்து நிற்கும் கற்களுள் புலிகுத்திக்கல் என வழங்கும் ஒருவகை உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இவை மிகுதி. கல்லின் முகத்தில் ஒருவன் நிற்கின்றான். பின்னங்கால்களை ஊன்றி எழுந்து தன் மேற் பாயும் புலியை ஈட்டியாலோ வாளாலோ குத்துகின்றான். அவ்வளவே சிற்பம். பலவற்றில் எழுத்து இல்லை. புலியோடு பொருது தானும் மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல் இஃது என்பதை ஊரார் வாய்மொழியே உரைக்கும். அவன் வேந்தனும் அல்லன். வேந்தன் பொருட்டு மாண்டவனும் அல்லன். தன் பட்டியையும் பட்டியிற் கிடந்தாரையும் காக்க நின்றவன்.

இக்கல்லைப் புறத்திணை இலக்கணத்தொடு பொருத்தி ஆராய்தல் தமிழாய்வுலகில் வழக்கம். யாம் ஈண்டு அதனை இருபதாம் நூற்றாண்டின் போர் நிகழ்ச்சி ஒன்றொடு பொருத்திக் காணப் புகுகின்றோம். இத்தாலி நாட்டுப் போர்க்களத்துக்குத் தமிழாராய்ச்சி இதழில் என்ன இடம் என்று வினவுவார் உளராகலாம். களம் இத்தாலியாயினும் மாண்டவர் தமிழர். அவர் மாண்ட முறை, நம் இலக்கண நூலார் வகுத்த துறைகளை மீண்டும் திறந்து பார்க்கச் செய்வது. அத்துணைப் பொருத்தமே எமக்குப் போதும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரினர் சுப்பிரமணியன். விக்டோரியா பேரரசியின் பெயர் தாங்கிய சென்னைச் சுரங்கப் படையில், வழக்குச் சொல்லாற் கூறின் மதராஸ் சாப்பர் படையில், பணிபுரிந்தவர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் ஊரின் அருகே, கண்ணிவெடி களையும் பணியில் ஈடுபட்டிருந்த குழுவொன்றுடன் இருந்தார். வெடியொன்று இயங்கிவிட்டது. அவர் அதன்மேல் விழுந்து தம் உடலால் அதனை மூடினார். உடன் இருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். 1944 ஜூன் 30-ஆம் நாள் ஜார்ஜ் சிலுவை அவருக்கு அறிவிக்கப்பெற்றது. அச்சிலுவை தோன்றிய பின் அதனை நேரே பெற்ற முதல் இந்தியர் அவரே என்பர். உயிர் நீத்தாராகலின் அவருடைய துணைவியார் அதனைப் பெற்றுக்கொண்டார்.

நிகழ்ச்சி இவ்வளவே. இதனைச் சொல்லச் சில தொடர்களே வேண்டும். ஆயினும் இதனுள் அடங்கிய காலம் எத்துணைச் சிறிது என்பதை உணர்ந்தாலன்றி இதன் பொருள் விளங்காது. அக்காலச் செருமானியர் புதைத்த தாவும் கண்ணிவெடி மண்ணுள் மறையும் ஒரு சிறு குப்பி போல்வது. மேலே சிறு முனைகள் சில மட்டும் துருத்தி நிற்கும். கால் பட்டதும் அது வெடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு நொடி கழித்து உள்ளிருக்கும் முதல் மருந்து எரிந்து, குப்பியை மண்ணினின்றும் இடையளவு உயரத்துக்கு எறியும். அவ்வுயரத்திலே அது வெடித்து, ஏறத்தாழ 350 எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். ஒருவனைக் கொல்வது அதன் நோக்கமன்று; அணியாய் வரும் அனைவரையும் வீழ்த்துவதே நோக்கம். நான்கு நொடி என்பது, பயின்றவன் ஒருவன் தரையிற் படுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் போதும் காலம். சுரங்கப் படையினர் இவ்வெடியின் இயல்பை நன்கு அறிந்தவர். அறியாமையால் அதன்மேல் விழுந்தார் என்பதற்கு இடமில்லை. அந்நான்கு நொடியைத் தமக்கெனச் செலவிடாது பிறர்க்கெனச் செலவிட்டார் என்பதே செய்தி.

அவர் சேர்ந்திருந்த படையின் வரலாற்றையும் சிறிது கூறல் வேண்டும். சென்னை மாகாணத்துப் படைஞருள் சாப்பர்களின் நிலை தனியானது. 1780-இல் இரண்டு பயனியர் அணிகளாகத் தோன்றிய இப்படை பின்னர்ப் பெங்களூரைத் தன் நிலைக்களமாகக் கொண்டது. பாலம் அமைத்தல், சாலை வெட்டுதல், கோட்டை மதில் தகர்த்தல், கண்ணி களைதல் ஆகியவை அதன் தொழில். இப்படையினரைத் ‘தம்பி’ என்றே ஆங்கில அலுவலரும் அழைத்தனர். அவர் அணிந்த உயர்ந்த தொப்பிக்குத் தம்பித் தொப்பி என்பதே பெயர். அயல்நாட்டார் வாயிலும் உறவுமுறைச் சொல்லாகவே நின்ற படைப்பெயர் இஃதொன்றே போலும்.

ஏனைய சென்னைப் படைகளுக்கு நேர்ந்தது வேறு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராயிருந்த இராபர்ட்சு, தென்னாட்டு வீரர் போர்த்திறம் குன்றியவர் என்னும் கருத்தைத் தம் நூலிலும் எழுதிவைத்தார். போர்க்குடிகள் என்றும் அல்லாதார் என்றும் மக்களைப் பகுக்கும் கோட்பாடு அவர் காலத்தே வலிமை பெற்றது. அதன் பயனாகச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பெற்று, 1928-ஆம் ஆண்டளவில் முற்றும் மறைந்தன. சென்னைப் பயனியர் படையும் 1933-இல் கலைக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பின்னரே, 1941-இல், சென்னைக் காலாட்படை மீண்டும் எழலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் தமிழர் படைத்தொழிலில் நிலைபெற்று நின்ற பேரிடம் சாப்பர் படையே. அதிலும் ஆதித்திராவிடரும் கிறித்தவரும் எனச் சமூகத்தில் தாழ்த்தி வைக்கப்பெற்றோர் பலர் இடம்பெற்றிருந்தனர். புறநானூறும் பதிற்றுப்பத்தும் பயின்ற மொழியினரைப் போர்த்திறம் அற்றவர் என ஒருவர் எழுத, அதனை ஏற்று அரசு படைகளைக் கலைத்தது என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. புறநானூறு அச்சேறியது 1894-இல். இராபர்ட்சின் நூல் வெளிவந்தது 1897-இல். இரு நூல்களும் மூன்றாண்டு இடைவெளியில் வெளிவந்தன என்பதை மட்டும் ஈண்டுக் குறித்து மேற்செல்வாம்.

சுப்பிரமணியன் இருந்தது அப்படையின் 11-ஆம் களப் பண்டசாலைக் குழு. பாலப் பொருள்களையும் கருவிகளையும் காத்து முன்னணிக்கு வழங்குவது அத்தகைய குழுவின் வேலை. அக்குழு நான்காம் இந்தியப் படைப்பிரிவைச் சார்ந்தது. அப்பிரிவு 1941-இல் எரித்திரியாவின் கெரன் மலையிலும், பின்னர் வட ஆப்பிரிக்கப் பாலையிலும், 1943-இல் துனீசியாவிலும் பொருது, 1944-இன் தொடக்கத்தில் இத்தாலியில் கசினோ மலைமுன் வந்து நின்றது. மலையுச்சியில் இருந்த பழைய துறவிமடம் பிப்ரவரி 15-இல் வானூர்திகளாற் குண்டெறிந்து தகர்க்கப்பெற்றது. அதனை அடுத்து அப்பிரிவு மேற்கொண்ட தாக்குதல் பெரும் இழப்போடு முடிந்தது. உலக வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவன இந்நாள்களைப் பற்றியே. மடம் தகர்ந்த ஒன்பதாம் நாள், உச்சியிலன்றி, பின்னே பொருள் செல்லும் வழியில், ஒரு பண்டசாலைக் குழுவினர் மாண்டதைப் பற்றி அவை பெரிதும் பேசுவதில்லை.

இனி இச்சாவைப் புறத்திணையில் எங்கு வைப்பது என்னும் வினாவுக்கு வருவாம்.

தொல்காப்பியர் தும்பைத் திணையுள் தார்நிலை என ஒரு துறை கூறுவர். வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொண்ட பொழுது, வேறிடத்துப் பொருதுகொண்டிருந்த வீரன் ஒருவன் மீண்டு வந்து அப்பகைவரை எறிதல் அதன் பொருள். பிறரைக் காக்கும் செயல் என்ற அளவில் இது நம் நிகழ்ச்சிக்கு அண்மையது. ஆனால் திசை மாறியுள்ளது. தார்நிலையில் கீழோன் மேலோனைக் காக்கின்றான். சேவகன் வேந்தனுக்கு உயிர் கொடுக்கின்றான். மிஞ்ஞானோவிலோ, சுபேதார் என்னும் பதவி தாங்கிய தலைமகன் தன் கீழ்ப்பட்ட வீரருக்கு உயிர் கொடுத்தான். சுபேதார் என்பது அக்காலத்தில் இந்தியர்க்கென வகுத்த அலுவற்பதவிகளுள் ஒன்று; சிப்பாய் நிலையிற் புகுந்து படிப்படியே ஏறியவரே அதனைப் பெறுதல் மரபு. ஆகவே அவர் எளிய வீரரினின்றும் பிரிந்த உயர்குடித் தலைவர் அல்லர். ஆயினும் அந்நாளில் அக்குழுவில் ஆணையிடும் இடத்தில் இருந்தவர் அவர். தார்நிலைக்கு இச்செயல் மறுதலை.

புறநானூற்றின் 275-ஆம் பாட்டு இதற்கு இன்னும் நெருங்கியது. ஒரூஉத்தனார் பாடிய அப்பாட்டின் தலைவன், பகைவர் பலர் இடையே அகப்பட்ட தன் தோழனை நோக்கிப் படையைப் பிளந்துகொண்டு விரைகின்றான். கன்றை நினைந்து ஓடும் கறவைப் பசுவை அவனுக்கு உவமையாக்குகின்றார் புலவர். போர்க்களத்து மறவனுக்குத் தாய்ப்பசு உவமையாதல் எண்ணத்தக்கது. யானை, புலி, அரிமா என வலிய விலங்குகளையே மறவர்க்கு உவமை காணும் தொகையுள் இவ்வுவமை தனித்து நிற்கின்றது. காக்கும் வீரம் கொல்லும் வீரத்தினின்றும் வேறு என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளலாம். எனினும் தொகுத்தோர் அப்பாட்டுக்கு எருமை மறம் என்றே துறை வகுத்தனர். பின்வாங்காது தனித்து நிற்கும் மறத்தை நோக்கினரே அன்றி, தோழன்மேற் சென்ற அன்பை அவர் நோக்கிற்றிலர். துறை வகுப்பார் பாட்டின் உயிரைத் தவறவிடும் இடங்களுள் இஃதொன்று என்பது எம் கருத்து.

அவ்வாறாயின் பகைவன் எதிரே இல்லாத இடத்து, கொல்லாமலே, பிறரைக் காத்து மாண்டவனுக்குத் தமிழ் மரபில் இடம் யாது? இலக்கணம் தராத இடத்தைக் கொங்கு நாட்டுக் கல் தருகின்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு. புலி பகைநாட்டான் அன்று. புலியைக் குத்தியவனுக்கு வெற்றியால் வரும் மண்ணும் இல்லை, பொன்னும் இல்லை. ஆநிரை மீட்டு மாண்ட கரந்தை மறவனுக்கேனும் எதிரே மாற்றூர் மறவன் ஒருவன் நின்றான். புலிகுத்தியவனுக்கு அதுவும் இல்லை. ஊரார் கல்லெடுத்தது அவன் கொன்ற புலிக்காக அன்று. அவன் காத்த உயிர்களுக்காக. புலி பிழைத்து ஓடியிருப்பினும் கல் எழுந்திருக்கும்.

ஆங்கிலேயரும் இதே பாகுபாட்டை வேறு வழியில் வந்தடைந்தனர் என்பது வியப்புக்குரியது. பகைவன் முன்னிலையிற் காட்டும் வீரத்துக்கு அவர்கள் 1856 முதல் விக்டோரியா சிலுவை வழங்கினர். 1940-இல் இலண்டன் நகரம் வான்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீயணைப்போரும், வெடியாத குண்டுகளை எடுத்துச் செயலிழக்கச் செய்வோரும், இடிபாட்டில் அகப்பட்டாரை மீட்போரும் பகைவனைக் காணாமலே மாண்டனர். அவர்தம் வீரத்துக்குப் பழைய சிலுவை பொருந்தாமையின் அவ்வாண்டு செப்டம்பரில் ஜார்ஜ் சிலுவை ஏற்படுத்தப்பெற்றது. இரண்டும் ஒத்த மதிப்பின, வகை வேறு. சுப்பிரமணியனுக்கு வழங்கியது இவ்விரண்டாவதே. வெடியைப் புதைத்த பகைவன் அங்கில்லை; வெடி மட்டுமே இருந்தது. எனவே, ஆங்கிலேயர் 1940-இற் கண்ட பாகுபாட்டைக் கொங்கு நாட்டு ஆயரும் வேளாளரும் வேட்டுவரும் சில நூற்றாண்டுகட்கு முன்னரே கல்லில் வடித்திருந்தனர் எனல் மிகையன்று.

இவ்விடத்து ஒரு தடையை நேரே எதிர்கொள்ளல் வேண்டும். சுப்பிரமணியன் பொருதது எவர்க்காக? நம்மை அடிமைப்படுத்திய அரசுக்காக அன்றோ? இவ்வினா கொங்கு நாட்டில் எழுதும் எமக்கு ஏட்டுவினாவன்று. 1942 ஆகஸ்டில் கோவையை அடுத்த சூலூர் வானூர்தித் தளத்துக்கு விடுதலைப் போராட்டத்தினர் தீ வைத்தனர். அதன் பொருட்டு அடியுண்டோரும் சிறைப்பட்டோரும் பலர். அதே போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் வானூர்திகளைச் செப்பனிடும் பணிமனையும் கோவையில் இயங்கிற்று. 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் இந்திய தேசியப் படையின் சார்பில் வந்தோர் சிலர் தூக்கிலிடப்பெற்றனர். அவர் மாண்ட ஐந்தரைத் திங்களில் சுப்பிரமணியன் மாண்டார். முன்னோரைக் கொன்ற அரசே பின்னவர்க்குச் சிலுவை அளித்தது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துக் காணும் பொழுது உள்ளம் ஒருபால் நில்லாமை இயல்பே.

செஞ்சோற்றுக்கடன் எனக் கூறி இத்தடையை நீக்குவாரும் உளர். உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்தல் சேவகன் அறம், வேந்தன் நல்லனா தீயனா என ஆராய்தல் அவன் கடனன்று என்பது அவர் கூற்று. எமக்கு இவ்விடை நிறைவு தரவில்லை. படைச்செருக்கின் இறுதிக் குறள், புரந்தவன் கண்ணீர் மல்கச் சாதலையே இரந்தும் பெறத்தக்க சாவு என்கின்றது. அங்குப் புரந்தவனும் மாண்டவனும் ஒருவர் முகம் ஒருவர் அறிந்தோர். மாதச் சம்பளம் பெற்றுப் பெங்களூரில் பயின்று கப்பலேறிய ஒருவனுக்கும் கடல் கடந்து வாழ்ந்த முடிமன்னனுக்கும் அத்தகைய உறவு ஏது? வறுமையும் வேலையின்மையும் ஊரில் இருந்த சாதிக் கொடுமையும் அஞ்சி ஓடிப் படை சேர்ந்தாரே மிகப் பலர். செஞ்சோறு என்னும் சொல்லை அச்சம்பளத்துக்கு ஏற்றுதல் சொல்லைக் கெடுப்பதாகும்.

ஆயின் வேறோர் உண்மை உண்டு. அந்நான்கு நொடியில் சுப்பிரமணியன் காத்தது பேரரசை அன்று; தன் பின்னே நின்ற சிலரை. பாலம் ஒன்று ஒரு நாள் தாழ்ந்திருப்பின் பேரரசு அழிந்திராது. வெடி சிதறியிருப்பின் அச்சிலர் அழிந்திருப்பர். அவர் படையிற் சேர்ந்த காரணம் ஒன்று. மாண்ட காரணம் மற்றொன்று. முன்னதை அரசியல் வரலாறு ஆராயட்டும். பின்னதற்குப் புலிகுத்திக்கல்லின் முறையே முறை. புலி பாய்ந்த பட்டி எவனுடையது, அவன் நல்லவனா, மேய்த்தவனுக்குக் கூலி சரியாகக் கொடுத்தானா என்றெல்லாம் கல்லெடுத்த ஊரார் வினவினாரிலர்.

கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. உடுக்கடித்துப் பல இரவு பாடும் இக்கதையில் பொன்னர், சங்கர் என்னும் தலைமக்களோடு பறை முழக்கி உடன் நின்று பொருத சாம்புவனும் இடம்பெறுகின்றான். அண்ணன்மார் கோயில்களில் அவனுக்கும் உருவமும் வழிபாடும் உண்டு. 1965-ஆம் ஆண்டளவில் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையைப் பதிவுசெய்த பிரெண்டா பெக் அம்மையார் அதனைப் பின்னர் நூலாகவும் வெளியிட்டார். ஊர்க்கதை தலைமக்களை மட்டும் நினையாது உடன் நின்ற சேவகனையும் பெயர் சொல்லி நினைக்கின்றது. இவ்வழக்கம் அரண்மனைக் கல்வெட்டுகளில் அரிதே.

பெயர் என்னும் இதுவே எம் அடுத்த பொருள். நடுகல்லில் மாண்டவன் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பெறுதலை அகநானூற்றுப் பாட்டுகள் சில கூறும். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழிக் கற்கள் அவ்வழக்கத்தின் தொன்மையை உறுதி செய்தன. கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவன் என்பான் பெயரை அவற்றுள் ஒன்று இன்றும் காட்டுகின்றது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லோ இன்னும் ஒரு படி மேற்செல்வது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் மாண்ட கருந்தேவகத்தி என்பானோடு, கள்வரைக் கடித்துக் காத்த அவனுடைய நாயும் அக்கல்லில் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன். பதினான்கு நூற்றாண்டு கடந்து ஒரு நாயின் பெயரை நாம் அறிகின்றோம்.

இதனோடு வேலூர் மணிக்கூண்டிற் பதித்த கல்லை ஒப்பிடுக. 1914 முதல் நிகழ்ந்த பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்று அது கூறும். பதினால்வரும் எவர்? கல் சொல்லாது. இத்தகைய கல் இந்திய நாட்டின் பல ஊர்களில் ஒரே வாய்பாட்டில் நடப்பெற்றது. எண் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஈராக்கின் பாசுரா நினைவகத்தில் ஆங்கில வீரர் பெயரும் இந்திய அலுவலர் பெயரும் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களை அணிதோறும் எண்ணிக்கையால் மட்டுமே குறித்தனர். இறந்தோர் அனைவரையும் பதவி வேறுபாடின்றிப் பெயரால் நினைப்பதே 1917-இல் தோன்றிய போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கை. அக்கொள்கை ஆசிய ஆப்பிரிக்க வீரர் திறத்துப் பல இடங்களிற் கைவிடப்பெற்றது என்பதை அவ்வாணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நடுகல் மரபினர் எண்ணிக்கையாகப் பொறிக்கப்பெற்றமை அம்மரபுக்கே நேர்ந்த இழிவு என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆத்திரேலிய நாட்டின் வழக்கம் இதற்கு நேர்மாறு. 1914-ஆம் ஆண்டுப் போருக்கு அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ 4,16,000 பேர் சேர்ந்தனர். 60,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டாயப் படைச்சேர்ப்பை அந்நாட்டு மக்கள் 1916-இலும் 1917-இலும் வாக்களித்து மறுத்தமையால், கடல் கடந்து சென்றோர் தாமே விரும்பிச் சென்றோர். அதனாற் போலும், அங்குள்ள சிற்றூர் நினைவுக்கற்கள் பலவற்றில் மாண்டோர் பெயரேயன்றி மீண்டோர் பெயரும் உண்டு. ஒவ்வொரு வீரனுடைய பணியேட்டையும் அந்நாட்டு ஆவணக்காப்பகம் எவரும் படிக்கத் திறந்து வைத்துள்ளது. சேர்ந்த நாள், உயரம், தொழில், உற்றார், காயம்பட்ட இடம், பெற்ற தண்டனை, விடுப்பான நாள் என யாவும் அதில் உள. எனவே அங்கு ஓர் எளிய சிப்பாயின் போர்க்காலத்தையும் பிற்கால வாழ்வையும் பேரன் பேத்தியர் எழுதிவிட முடிகின்றது. இந்தியப் படையும் விரும்பிச் சேர்ந்தோர் படையே. இரண்டாம் போரில் அதன் தொகை 25 இலட்சத்தை எட்டியது.

மீண்டவர் வாழ்வு பற்றிச் சில செய்திகள் கூறலாம். 1945-இல் போர் முடிந்ததும் படை விரைந்து குறைக்கப்பெற்றது. வீடு திரும்பினோரை நிலத்திற் குடியமர்த்தச் சென்னை அரசு சில திட்டங்களை மேற்கொண்டது. அவற்றுள் குறிக்கத்தக்கது வயநாட்டுக் குடியேற்றம். அக்காலத்து வயநாடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. கொங்கு நாட்டுக்கு மேற்கே, நீலகிரியை ஒட்டிக் கிடப்பது. அங்கு அம்பலவயலில் முன்னாள் படைவீரர்க்கு நிலம் ஒதுக்கப்பெற்றது. அவர்க்கு வேளாண்மை கற்பிக்கத் தொடங்கிய பண்ணையே இன்று அவ்வூரில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்துள்ளது. பாலையிலும் பனியிலும் பாலம் கட்டியவர்கள், மலைக்காய்ச்சல் மிகுந்த காட்டை வெட்டி மிளகும் காப்பியும் பயிரிடக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. சென்னைப் படையின் பயிற்சி நிலையம் 1947-இல் நீலகிரி வெலிங்டனுக்கு வந்து அங்கேயே நிலைத்தது. அப்படையின் போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்பது. தமிழ்ச் சொற்களால் அமைந்த அம்முழக்கத்தில் கொல்லுதல் உண்டு, காத்தல் இல்லை. தும்பைத் திணை இன்றும் தன் வழியே செல்கின்றது போலும்.

மீண்டவர் வீட்டில் எஞ்சுவன சில பொருள்கள். பதக்கங்கள் அவற்றுள் முதன்மையானவை. இரண்டாம் போரின் பதக்கங்களைப் பிரித்தானியர் தம் வீரர்க்குப் பெயர் பொறியாமலே வழங்கினர். இந்தியா, ஆத்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளோ பெற்றவன் எண்ணையும் பெயரையும் பதக்கத்திற் பொறித்தே வழங்கின. கல் மறுத்த பெயரை உலோகம் தந்தது எனலாம். பல குடும்பங்களில் இப்பதக்கங்கள் பழம்பொருள் வணிகரிடம் சென்றுவிட்டன. பஞ்சாபில் முதற் போருக்குச் சென்ற ஏறத்தாழ 3,20,000 பேரின் பெயர்கள் அடங்கிய ஊர்ப் பதிவேடுகள் இலாகூர் அருங்காட்சியகத்திற் கிடந்து, 2021-இல் கணினி வழியே வெளிவரத் தொடங்கின. அவ்வழியே தம் பாட்டனாரைக் கண்டுகொண்ட குடும்பங்கள் உண்டு.

தமிழ்த் துறை மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று இதனால் எழுகின்றது. கொங்கு நாட்டு ஊர்களிற் கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் புலிகுத்திக்கல்லையும் நடுகல்லையும் அளந்து படியெடுத்து வருகின்றனர். அதே ஊரில், அதே நாளில், முன்னாள் படைவீரர் இருந்த வீடு எது என்றும் வினவலாம். படைவிடுப்புச் சான்று இருப்பின் அதனைப் படியெடுக்கலாம். பதக்கம் இருப்பின் அதன் விளிம்பில் உள்ள எழுத்தைப் படித்துக் கல்வெட்டைப் பதிப்பிக்கும் முறையிலேயே பதிப்பிக்கலாம். எண், பதவி, பெயர், படை என்னும் வரிசையில் ஆங்கில எழுத்தில் அஃது இருக்கும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தரால் சிதைந்திருக்குமாதலின், ஊரார் வழங்கும் வடிவத்தையும் உடன் குறித்தல் வேண்டும். சுப்பிரமணியன் பெயரே ஆவணங்களிற் பல வடிவங்களில் வருகின்றது. போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்கள், பணவிடைத் தாள்கள், அவன் போனபின் வீட்டார் பாடிய ஒப்பாரி ஆகியவற்றையும் விடலாகாது. ஒப்பாரியில் அயல்நாட்டு ஊர்ப்பெயர்கள் உருமாறி நுழைந்திருக்கக் கூடும். பாசுரா, தொப்ரூக்கு, கசினோ என்பன எவ்வடிவிற் கிடப்பினும், பாடுவார் ஒலித்தவாறே எழுதிக்கொள்க, திருத்தற்க.